சிறிய ஓய்வூதியத்தில் குப்பத்தில் குடியேறலாமா? வீடு தேடும் முன் அறிய வேண்டியவை

குப்பம் (சித்தூர்): பணி ஓய்வுக்குப் பின் பெருநகர வாடகையைச் சமாளிக்க இயலாத முதியோருக்கு, ரயில் வசதியும் மருத்துவமனையும் உள்ள சிறிய ஊர்கள் மாற்றிடமாக அமைகின்றன. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கும் பகுதியில் உள்ள குப்பம் அத்தகைய ஊர்களில் ஒன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் இங்கு புழக்கத்தில் உள்ளன. எனினும், மாநில எல்லையைக் கடந்து குடியேறுவோருக்கு அரசின் உதவிகள் சில உடன் வரும், சில நின்றுவிடும். வீட்டின் விலையைக் கேட்கும் முன் இதனை அறிந்துகொள்வது அவசியம்.

குப்பத்தின் சாதகங்கள்

சென்னை - பெங்களூரு ரயில் பாதையில் ஜோலார்பேட்டைக்கும் பங்காருப்பேட்டைக்கும் இடையே குப்பம் ரயில் நிலையம் அமைந்துள்ளது. பெங்களூரு இங்கிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதால், கோடையின் வெப்பம் சென்னையை விடக் குறைவு.

1997ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகமும், பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரியும் இங்கு செயல்படுகின்றன. மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த மருத்துவமனையும் அரசு மருத்துவமனையும் இருப்பது முதியோருக்கு முக்கியமான வசதி. உயர் சிகிச்சை தேவைப்படின் ஒருபுறம் பெங்களூருக்கும், மறுபுறம் காட்பாடி வழியாக வேலூருக்கும் ரயிலில் செல்லலாம். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்டதால், அடிக்கடி மருத்துவப் பயணம் செய்வோர் முழுக் கட்டணத்தையும் மாதச் செலவில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எல்லை கடந்தாலும் தொடர்பவை

* தொழிலாளர் ஓய்வூதியம்: வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இபிஎஸ்-95 ஓய்வூதியத்தை, 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள மையப்படுத்தப்பட்ட முறையின் கீழ், நாட்டின் எந்த ஊரிலுள்ள வங்கிக் கிளையிலும் பெறலாம். ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய வாழ்நாள் சான்றிதழை மின்னணு முறையில் எங்கிருந்தும் சமர்ப்பிக்கலாம்.

* மருத்துவக் காப்பீடு: 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை வழங்கும் முறை 2024 அக்டோபரில் தொடங்கியது. திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் மட்டுமே இது செல்லும்.

* ரேஷன் அரிசி: 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' முறையில், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைதாரர்கள் மத்திய அரசின் தானியத்தைப் பிற மாநிலத்திலும் பெறலாம். மாநில அரசு தனியே வழங்கும் பருப்பு, எண்ணெய் போன்ற பொருட்களுக்கு இது பொருந்தாது.

எல்லையில் நின்றுவிடுபவை

தமிழ்நாடு அரசின் முதியோர் உதவித்தொகை (மாதம் ரூ.1,200), மகளிர் உரிமைத்தொகை (மாதம் ரூ.1,000), முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு ஆகியவை தமிழ்நாட்டில் வசிப்போருக்கானவை. முகவரியை மாற்றினால் இவற்றை இழக்க நேரிடும்.

ஆந்திர அரசின் என்.டி.ஆர். பரோசா திட்டத்தில் முதியோர் ஓய்வூதியம் 2024 ஜூலை முதல் மாதம் ரூ.4,000 ஆக உயர்த்தப்பட்டது. இத்தொகை பெரிதாகத் தோன்றினாலும், ஆந்திர முகவரியும் அம்மாநில ரேஷன் அட்டையும் இதற்குத் தேவை. புதிய அட்டை பெற வேண்டுமெனில் பழைய மாநில அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் தொடங்கிய மகளிருக்கான இலவசப் பேருந்துப் பயணத்திற்கும் ஆந்திர முகவரிச் சான்று அவசியம்.

ஆகவே, பழைய உதவி நின்று புதிய உதவி கிடைக்கும் வரையிலான இடைக்காலத்தைக் கையிருப்பைக் கொண்டே சமாளிக்க வேண்டியிருக்கும். புதிய உதவி கிடைத்தே தீரும் என்ற நம்பிக்கையில் மாத வரவைக் கணக்கிடுவது ஆபத்தானது.

வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா?

ஓய்வின்போது கிடைத்த தொகையில் ரூ.15 லட்சம் கையில் உள்ளது என்று கொள்வோம். அதனை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் செலுத்தினால், 8.2 சதவீத வட்டியில் ஆண்டுக்கு ரூ.1,23,000 கிடைக்கும். இது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ரூ.30,750 வீதம் வழங்கப்படும். மாதக் கணக்கில் ரூ.10,250. இத்திட்டத்தில் அதிகபட்சம் ரூ.30 லட்சம் வரை செலுத்தலாம். வட்டி விகிதத்தை அரசு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. கணக்கு தொடங்கிய நாளின் விகிதம் ஐந்து ஆண்டுகளுக்கு மாறாது.

அதே ரூ.15 லட்சத்திற்கு ஆந்திரத்தில் வீடு வாங்கினால், முத்திரைத் தீர்வை 5%, மாற்றத் தீர்வை 1.5%, பதிவுக் கட்டணம் 1% எனப் பதிவுச் செலவு மட்டும் ரூ.1,12,500 ஆகும். பழுதுபார்ப்பும் வீட்டு வரியும் தனி.

எனவே, ஒத்த வசதியுள்ள வீட்டின் மாத வாடகை ரூ.10,250-க்குக் குறைவாக இருக்கும் வரை, வாடகை கொடுத்த பின்னும் வட்டியில் ஒரு பகுதி கையில் மிஞ்சும். அவசர சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டால், சேமிப்புத் திட்டக் கணக்கை ஓராண்டுக்குப் பின் 1.5 சதவீதமும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1 சதவீதமும் பிடித்தத்துடன் முடித்துக்கொள்ளலாம். சிறிய ஊரில் வீட்டை அவசரத்திற்கு விற்பது எளிதன்று.

மறுபுறம், வாடகை ஆண்டுதோறும் உயரக்கூடும், வட்டி உயராது. வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்லலாம். 75 வயதுக்குப் பின் வீடு மாறுவது உடலுக்கும் மனத்திற்கும் சுமை. ஓய்வூதியத்திலேயே மாதச் செலவு முழுவதும் அடங்கி, மருத்துவத்திற்கெனத் தனியே தொகையும் இருப்பவர்கள் மட்டுமே சொந்த வீட்டை எண்ணிப்பார்க்கலாம். மற்றவர்கள் முதல் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது பாதுகாப்பானது.

போக்கியத்தில் கவனம்

மொத்தத் தொகையைக் கொடுத்து, வாடகையின்றி வசித்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறும் போக்கிய முறை முதியோரை ஈர்க்கிறது. ஆயினும் ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் ஒரே நபரிடம் சென்றுவிடுகிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின்படி இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்ய வேண்டும். வெற்றுத்தாள் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் உரிய பாதுகாப்பைத் தராது. அந்த வீட்டின் மீது ஏற்கெனவே வங்கிக் கடன் இருப்பின், வங்கியின் உரிமையே முந்தும். வில்லங்கச் சான்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

சொந்தமாக வாங்குவோர் பார்க்க வேண்டியவை

* ஆவண மொழி: ஊரில் தமிழ் பேசப்பட்டாலும், ஆந்திரத்தில் பத்திரங்களும் வருவாய்த் துறைப் பதிவேடுகளும் தெலுங்கில் உள்ளன. விற்பவருக்குத் தொடர்பில்லாத வழக்கறிஞரைக் கொண்டு படித்துப் பார்க்க வேண்டும்.

* அரசு ஒப்படை நிலம்: நிலமற்ற ஏழைகளுக்கு அரசு வழங்கிய நிலத்தை விற்பதற்கு 1977ஆம் ஆண்டுச் சட்டம் கடும் கட்டுப்பாடு விதிக்கிறது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின் கீழான தடைப் பட்டியலில் சர்வே எண் உள்ளதா எனப் பார்த்த பின்னரே முன்பணம் தர வேண்டும்.

* மனை அங்கீகாரம்: மனைப்பிரிவுக்கு நகர்ப்புற வளர்ச்சிக் குழும அனுமதி உள்ளதா என்பதைச் சரிபார்க்க வேண்டும். வரவிருக்கும் திட்டங்களைக் கூறி ஊருக்கு வெளியே மனை விற்போரிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. விலை உயரும் வரை காத்திருக்க முதியோருக்குக் காலம் குறைவு.

* பத்திரத்தில் பெயர்: சொந்தப் பணத்தில் வாங்கும் வீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்வது நலம். பின்னாளில் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, நிபந்தனை மீறப்பட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம்.

தண்ணீரும் தெருவும்

குப்பம் பகுதி நெடுங்காலமாக ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருந்த வறண்ட நிலம். ஹந்திரி-நீவா திட்டத்தின் குப்பம் கிளைக் கால்வாயில் 2025 ஆகஸ்டில் கிருஷ்ணா நீர் வந்து சேர்ந்தது. இருப்பினும், குறிப்பிட்ட தெருவில் குடிநீர் எத்தனை நாட்களுக்கு ஒருமுறை வருகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியுள்ளதா என்பதை அக்கம்பக்கத்தினரிடமே கேட்டறிய வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் நேரில் சென்று பார்ப்பது சிறந்தது. காட்டோரக் கிராமங்களில் கவுண்டின்யா சரணாலய யானைகளின் நடமாட்டம் இருப்பதால், ஊரை விட்டு விலகிய தோட்ட வீடுகள் தனித்து வாழும் முதியோருக்கு உகந்தவை அல்ல.

தரைத்தளத்தில், மருத்துவமனைக்கு ஆட்டோவில் விரைவில் செல்லக்கூடிய தொலைவில், இரவிலும் ஆள் நடமாட்டமுள்ள தெருவில் இருக்கும் சிறிய வீடே போதுமானது. முதியோர் நலத் திட்டங்கள், சட்ட உதவி, பராமரிப்பு தொடர்பான ஐயங்களுக்கு மத்திய அரசின் 'எல்டர்லைன்' இலவச உதவி எண் 14567-ஐத் தொடர்புகொள்ளலாம்.