ஒரு தட்டு, இரு முறைமைகள்

கண்டி நகருக்குத் தென்மேற்கே, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பின்னணியாய் எழுந்து நிற்பது ஹந்தானை மலைத்தொடர். அம்மலையின் பெயரைத் தாங்கி 2009 ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு பணிசெயல் முறைமை வெளிவந்தது. கணினியின் உறுப்புகளை ஏவி வேலை வாங்கும் மேலாளனே பணிசெயல் முறைமை. ஹந்தானை, லினக்ஸ் குடும்பத்தைச் சார்ந்தது. ஆயின், பெரும்பாலான கணினிகளில் விண்டோஸ் முன்னரே குடியேறியிருந்தது. பழையதை விரட்டாமல் புதியதற்கு இடமளிப்பது எங்ஙனம்?

அதற்கு விடை 1983 ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. அவ்வாண்டு ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட்டு வன்தட்டுடன் ஒரு கணினியை வெளியிட்டது. அத்தட்டின் முதற்கூறு 512 பைட்டு. அதனுள் 64 பைட்டே கொண்ட ஓர் அட்டவணை, தட்டை நான்கு பகுதிகள் வரை வகுத்து, ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளமுடையது என்று குறித்து வைத்தது. ஒரே தட்டில் வெவ்வேறு முறைமைகள் தத்தம் எல்லைக்குள் வாழ இதனால் வழி பிறந்தது.

லினக்ஸ் பிறந்த கதையும் இவ்வாறு பகுக்கப்பட்ட தட்டொன்றின் கதையே. 1991 இல் ஹெல்சிங்கி மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் தம் கணினியில் மினிக்ஸ் என்னும் முறைமையை வைத்துக்கொண்டே தம்முடைய புதிய முறைமையை ஆக்கி வந்தார். ஒருநாள், தொலைபேசி இணைப்புக் கருவிக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி சிதைந்தது. அவர் அதனை மீண்டும் நிறுவவில்லை. தம் படைப்பையே நம்பி மேலே சென்றார். அவருக்கு அவ்விழப்பு நன்மையாய் முடிந்தது. எல்லோர்க்கும் அவ்வாறு முடியுமென்று எண்ணுதல் பேதைமை.

அட்டவணை அழிந்தால் தட்டிலுள்ள எழுத்துகள் உடனே மறைவதில்லை. அவற்றை அடையும் வழியே மறைகிறது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த பாடக்குறிப்புகளும் புள்ளிப் பதிவுகளும் கைக்கெட்டாமற் போகும். ஆதலின், பகுக்குமுன் யாவற்றையும் வேறோரிடத்தில் படியெடுத்து வைத்தல் முதற்கடமை. விண்டோஸை முதலில் நிறுவி, லினக்ஸைப் பின்னர் நிறுவுதல் அடுத்த நெறி. பின்வந்த விண்டோஸ் முன்னிருந்த தொடக்க நிரலை அழித்தெழுதிய அனுபவம் பலர்க்கு உண்டு. லினக்ஸின் தொடக்க நிரலோ இரண்டையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும்.

பிற்காலத்துப் புதிய அட்டவணை 128 பகுதிகளுக்கும் இடந்தருகிறது. எனினும் நெறி பழையதே. கண்டிச் சரிவுகளில் படிவயல் அமைக்கும் உழவர் வரப்பைக் கட்டிய பின்னரே நீரைத் திறப்பர். வரப்பு உறுதியாயின் மேல்வயலும் விளையும், கீழ்வயலும் விளையும்.