ஐந்து கையெழுத்துகள்

1908-இல் பாரதியார் புதுச்சேரி வந்தபோது, பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதே அவருக்குப் பாதுகாப்பாக இருந்தது. 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டார். அதையடுத்து புதுச்சேரி அகதிகள் மீது பிரிட்டிஷ் நெருக்கடி இறுகியது.

அதன்பின் பிரெஞ்சு அரசு விதியை மாற்றியது. அந்நியர் நன்னடத்தைச் சான்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஊரின் கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் ஐவர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும். முன்பின் அறியாத அகதிக்கு ஐந்து பெரிய மனிதர்களை எங்கே தேடுவது? வணிகர் சங்கர செட்டியார்தான் அலைந்து, அந்த ஐந்து கையெழுத்துகளையும் வாங்கித் தந்தார். பிரிட்டிஷ் ஒற்றர்கள் சூழ்ந்திருந்த ஊரில் அது சாதாரண உதவியல்ல, பெருந்துணிச்சல்.

இன்றைய கல்லூரி வைஃபையும் இப்படித்தான் ஆளை அறிகிறது. சுவரில் இருக்கும் கருவி தானாக முடிவெடுப்பதில்லை. பொறுப்பான சர்வரிடம் கேட்டுவிட்டே உள்ளே விடுகிறது. வைஃபையைக் காக்கும் பூட்டும் ஒரே மாதிரி நிற்கவில்லை. 1997-இல் வந்த டபிள்யூஇபி என்ற பூட்டின் ஓட்டை 2001-லேயே அம்பலமானது. 2003-இல் டபிள்யூபிஏ, மறு ஆண்டு அதன் இரண்டாம் பதிப்பு, 2018-இல் மூன்றாம் பதிப்பு என விதிகள் மாறிவந்தன.

உங்கள் வீட்டு ரவுட்டரில் இன்னும் டபிள்யூஇபி என்றிருந்தால், இன்றே மாற்றிவிடுங்கள்.