மூணு கட்டத்தில் ஒரு ஐடா

இங்கிலீஷ் குறுக்கெழுத்துப் புதிரோடு மல்லுக்கட்டுகிற ஆசாமிகளுக்கு ஐடாவைத் தெரியாமல் இருக்காது. ஐ, டி, ஏ. மூணே எழுத்து, அதிலே ரெண்டு உயிரெழுத்து. புதிர் போடுகிறவர் மூலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது கைகொடுக்கிற பேர். ‘நடிகை லுபினோ’ என்பார்கள், ‘பத்திரிகையாளர் டார்பெல்’ என்பார்கள், ‘கிரீட் தீவின் மலை’ என்பார்கள். எல்லாத்துக்கும் விடை ஒண்ணுதான். நான் ஆம்பூர்க்காரன். ‘வேலூர் டாக்டர்’ என்று ஒரு குறிப்பு வராதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இதுவரை கண்ணில் படவில்லை.

எங்க பெரியம்மா பேரும் ஐடாதான். ராணிப்பேட்டையில் தோல் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த தாத்தா வைத்த பேர். பைபிள் பேர் என்றே பெரியம்மா ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். பைபிளில் ஐடா கிடையாது. பழைய ஜெர்மானியச் சொல். உழைப்பு, வேலை என்று அர்த்தம் சொல்கிறார்கள். கிரீட் மலைக்கும் இதுக்கும் எழுத்துதான் ஒண்ணு, வேர் வேறே. நம்ம சித்தர்கள் சொல்கிற இடகலையும் அப்படித்தான். ஒலி ஒத்துப்போச்சே என்று சொந்தம் கொண்டாட ஆரம்பித்தால் அதுக்கு முடிவே இருக்காது :-)

அமெரிக்காவில் 1880-ல் பெண் குழந்தைகளுக்கு வைத்த பேர்களில் ஐடாவுக்கு ஏழாவது இடம். நம்ம ஊர் லட்சுமி, சரஸ்வதி மாதிரின்னு வச்சுக்குங்களேன். அந்தப் பேரோடு 1870 டிசம்பர் 9-ம் தேதி இதே ராணிப்பேட்டையில் பிறந்தவர்தான் ஐடா சோபியா ஸ்கடர். தாத்தா ஜான் ஸ்கடர், 1819-ல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறிய மருத்துவ மிஷனரி. அப்பாவும் டாக்டர். ஆனா ஐடாவுக்கு இந்த வேலையே வேண்டாம், அமெரிக்காவிலேயே இருந்துவிடணும் என்றுதான் ஆசை.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே ராத்திரியில் மூணு பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ரெண்டு பேர் இந்துக்கள், ஒருத்தர் முஸ்லிம். மூணு பேர் மனைவிக்கும் பிரசவ வேதனை. டாக்டர் அப்பா வரத் தயார். ஆம்பளை டாக்டர் கூடாது என்று மூணு பேருமே சொல்லிவிட்டார்கள். ஐடாவை வரச்சொல்லிக் கேட்டார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. காலையில் விசாரித்தால் மூணு பெண்களும் செத்துப்போயிருந்தார்கள்.

திரும்பிப்போய் கார்னெல்லில் 1899-ல் டாக்டர் பட்டம். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம். 1902-ல் ஷெல் ஆஸ்பத்திரி, 1909-ல் நர்ஸ் பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மட்டும் மருத்துவப் பள்ளி. ஆம்பளைப் பசங்களுக்கு அங்கே இடம் கிடைத்தது 1947-ல்தான்! இன்றைய சி.எம்.சி. இப்படி வளர்ந்ததுதான். 1960 மே மாதம் கொடைக்கானலில் இறந்தார். ‘டாக்டர் ஐடா, இந்தியா’ என்று மட்டும் எழுதின கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்வார்கள். இதிலே ஒரு வேடிக்கை, அண்ணன் மகளும் டாக்டர் ஐடா ஸ்கடர்தான், அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவு. பெரியவர் எல்லாருக்கும் ‘ஐடா அத்தை’.

பெரியம்மாவிடம் பேருக்கு அர்த்தம் சொன்னேன். “உழைப்பா? அதான் எழுபது வயசிலயும் என்னை விடமாட்டேங்கறீங்க” என்றார்.

சரி, இங்கிலீஷ்காரன் போடாவிட்டால் என்ன, நாமே போடுவோம் என்று ஒரு குறிப்பு செய்தேன். தமிழில் மூணு கட்டம்கூட வேண்டாம், ரெண்டே போதும்.

‘தலைவனை மரியாதையில்லாமல் கூப்பிட்டால் வருவார் வேலூர் டாக்டரம்மா (2).’

‘ஐ’ என்றால் பழந்தமிழில் தலைவன். பக்கத்தில் ஒரு ‘டா’. பெரியம்மாவுக்கு விளக்கிச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முறைத்தார். “அந்தம்மாவையா டா போட்டுக் கூப்பிடறே?”