அடுத்த வீட்டுப் பூனை

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, பேப்பரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் புறா இறகுகள். மொட்டை மாடியில் கூண்டு வைத்து ஆசையாகப் புறா வளர்க்கிறவர் அவர். "அண்ணே, இது நாலாவது. நீங்க ரெவின்யூவில இருந்தவங்க. டீச்சர் வீட்டுப் பூனைக்குச் சட்டம் என்ன சொல்லுது, சொல்லுங்க" என்றார்.

டீச்சர் வீடு அவர் வீட்டுக்கு ஒட்டின வீடு. ஓய்வு பெற்ற டீச்சர் வாசலில் தட்டு வைக்கிறார். நாலு பூனை வருகிறது, சாப்பிடுகிறது, ஊரெல்லாம் சுற்றுகிறது. "என் பூனை இல்லைங்க, வருது, பசிக்குதுன்னு போடுறேன்" என்பது அவர் கட்சி. முப்பது வருஷமாக ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொரு வீட்டில் சமைத்தவர்கள் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மாவட்டம் பிறந்த 1974-இல் வேலைக்குச் சேர்ந்து 34 வருஷம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டினேன். எல்லைத் தகராறு, வாய்க்கால் தகராறு, புளியமரத் தகராறு எல்லாம் பார்த்தாயிற்று. பூனைத் தகராறு ஒரு கோப்பில்கூட வந்ததில்லை. தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கூடவே ஒரு பழைய கதையும் வருகிறது, அதைச் சொல்லாமல் இதை எழுத முடியவில்லை.

வழக்கு புதிது இல்லை. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு ஒன்று உண்டு. நம் பக்கத்துச் சிவகங்கைச் சீமையில் இருக்கிற ஒக்கூர்தான் அவர் ஊர் என்பார்கள். மாலை நேரம், வேலியோரம் வெருகு வந்துவிட்டது. வீட்டுப் பேட்டைக்கோழி பதறிப்போய்க் குஞ்சுகளைக் கூவிக் கூவி அழைக்கிறது. ஊரார் வம்புப் பேச்சுக்கு அந்தக் கூச்சலை உவமை சொல்கிறார். புறநானூற்றிலும் அதே வேலி, அதே வெருகு. இருட்டில் கோழி பயந்து அலற, பருத்தி நூற்கிற பெண் எழுந்து சின்ன விளக்கைக் காட்டுகிறாள். பக்கத்தில் சேவல் இருப்பதைப் பார்த்ததும் கோழி அடங்குகிறது. வெருகு என்பது காட்டுப்பூனை. ஆனால் இந்தக் காட்சியை நம் வயதுக்காரர்கள் எல்லாரும் கண்ணால் கண்டவர்கள்தான். அரிக்கேன் விளக்கோடு பாதி ராத்திரியில் கோழிக்கூட்டுக்கு ஓடாத வீடு அன்றைக்கு ஏது?

வீட்டுப் பூனைக்குப் பழைய பெயர் பூசை. பாற்கடலை நக்கியே தீர்க்கப் புகுந்த பூசை போல நான் ராமகதை சொல்ல வந்தேன் என்று அவையடக்கம் பாடினார் கம்பர். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை கையைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது, காலடியில் எலிகள். பல்லவர் காலத்துச் சிற்பிக்கே அதன் மேல் நம்பிக்கை இல்லை என்று தெரிகிறது. பாலையும் தயிரையும் காப்பாற்ற உறி கட்டினோம். பிறகு வலை பீரோ வந்தது, பிறகு பிரிட்ஜ். பால் திருட்டு வழக்கு அதோடு முடிந்தது. கோழி, புறா, கட்டட வேலைக்குக் கொட்டின மணல், இந்த மூன்றும்தான் பாக்கி.

சட்டத்துக்கு வருகிறேன். அடுத்தவன் வயலில் மேய்ந்த மாட்டைப் பவுண்டில் அடைப்பது நமக்குத் தெரியும். சுற்றுச்சுவர், ஒரு மரக்கதவு, தண்ணீர்த் தொட்டி. தண்டம் கட்டினால் மாடு திரும்பக் கிடைக்கும், கேட்பாரில்லை என்றால் ஏலம். இதற்கு ஆதாரம் வெள்ளைக்காரன் 1871-இல் போட்ட கால்நடை அத்துமீறல் சட்டம். அதில் கால்நடை என்றால் எவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. யானை இருக்கிறது, ஒட்டகம் இருக்கிறது, எருமை, குதிரை, கோவேறு கழுதை, கழுதை, பன்றி, ஆடு எல்லாம் இருக்கிறது. நாய் இல்லை, பூனையும் இல்லை. மதிலேறிக் குதிக்கிற பிராணியை எந்தப் பவுண்டில் அடைப்பது?

இங்கிலாந்தில் இதே எதிர்வீட்டுக்காரர் வழக்கு ஒன்று நடந்திருக்கிறது. 1926-இல் பக்கிள் என்பவருக்கும் ஹோம்ஸ் என்பவருக்கும் இடையில். ஹோம்ஸின் பூனை பக்கிளின் இடத்துக்குள் போய் 13 புறாவையும் 2 பேண்டம் கோழியையும் கொன்றுவிட்டது. நஷ்ட ஈடு கேட்டுப் போனார் பக்கிள். கிடைக்கவில்லை. பூனை சுற்றுவதும் பறவையைப் பிடிப்பதும் அதன் பிறவிக் குணம், அதற்கு வளர்த்தவர் பொறுப்பில்லை என்று தீர்ப்பு. இழப்பீட்டு வழக்குகளில் நம் நீதிமன்றங்களும் பெரும்பாலும் ஆங்கிலப் பொதுச் சட்டத்தை ஒட்டித்தான் போகின்றன. எதிர்வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது, "பதிமூணு புறாவுக்கே கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1949-இல் பறவைகளைக் காப்பாற்ற, பூனையை வெளியே விடக்கூடாது என்று சட்டசபையிலேயே மசோதா நிறைவேற்றினார்கள். கவர்னர் ஸ்டீவன்சன் கையெழுத்துப் போடவில்லை. துணையில்லாமல் சுற்றுவது பூனையின் இயல்பு, பூனைக்கும் பறவைக்கும் நடக்கிற ஆதிகாலத்துச் சண்டையில் அரசாங்கம் தலையிட ஆரம்பித்தால் நாளைக்கு நாய்க்கும் பூனைக்கும், பறவைக்கும் புழுவுக்கும் பஞ்சாயத்துப் பண்ண வேண்டிவரும் என்கிற பொருளில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். நான் படித்த அரசாங்கக் குறிப்புகளிலேயே இதுதான் ருசியானது. ஆனால் உலகம் அங்கேயே நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் தலைநகர் கான்பெராவில் 2022 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

சரி, பூனையை நாமே தீர்த்துவிட்டால்? பூனையைக் கொன்றால் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுத்தாலும் பாவம் தீராது என்பார் என் அப்பத்தா. சட்டம் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 428-ஆம் பிரிவு, 10 ரூபாயோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள பிராணியைக் கொன்றால்தான் குற்றம் என்றது. அந்தக் காலத்தில் தெருப்பூனையை அம்மன் காசுக்குக்கூட யார் வாங்குவார்கள்? இப்போது 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிற நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் அந்த விலைக் கணக்கு இல்லை. எந்தப் பிராணியானாலும் ஐந்து வருஷம் வரை சிறை.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. நம் ஊரில் எல்லாரும் செய்தது அதுதான். சாக்கில் கட்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவது. அதற்கும் சட்டம் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் 1953-இல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து, பிறகு அரசாங்கமே ஏற்று 1960-இல் நிறைவேற்றிய பிராணிவதைத் தடைச் சட்டம். பசி தாகத்தால் வாடும்படி ஒரு பிராணியைத் தகுந்த காரணமில்லாமல் கைவிடுவது 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய். அந்தப் பிரிவைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

1961. எனக்குப் பதினோரு வயது. புதுக்கோட்டையின் நேர் நேரான வீதிகளில் ஒன்றில் குடியிருந்தோம். சுவரோடு சுவர் ஒட்டின ஓட்டு வீடுகள். முதல் வீட்டுக் கூரையில் ஏறின பூனை கடைசி வீட்டில்தான் இறங்கும். பக்கத்து வீட்டில் ஓர் ஆச்சி, தனியாக இருந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு பூனை வளர்த்தார். அப்பத்தா அடைவைத்துப் பொரித்த பன்னிரண்டு குஞ்சில் ஏழை ஒரு வாரத்தில் அது கொண்டுபோயிற்று. அப்பா இரண்டு தடவை போய்ச் சொன்னார். "பூனைக்கு மூக்கணாங்கயிறா போட முடியும் தம்பி?" என்றார் ஆச்சி. அவர் சொன்னதில் தப்பு இல்லை. அப்பா கோபித்ததிலும் தப்பு இல்லை, முட்டை விற்ற காசில்தான் அப்பத்தாவின் கைச்செலவு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு விடியற்காலை கருவாட்டை வைத்துப் பிடித்து, உரச் சாக்கில் போட்டு, சைக்கிள் கேரியரில் என்னை உட்காரவைத்து மடியில் சாக்கைக் கொடுத்தார். திருமயம் சாலையில் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினோம். வெள்ளாறு அந்தக் காலத்தில் சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லை என்பார்கள். எல்லை தாண்டினால் பூனைக்கு வழி தெரியாது என்பது ஊர் நம்பிக்கை. சாக்குக்குள் அது கத்தவில்லை. சூடாக, நடுங்கிக்கொண்டு இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அவிழ்த்ததும் பனங்காட்டுப் பக்கம் ஓடி, நின்று, ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. வரும்போது அப்பா எனக்குப் பால்பன் வாங்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே ஆச்சி கிண்ணத்தில் பால் சோறு பிசைந்து வாசலில் நின்று கூப்பிட ஆரம்பித்தார். "தம்பி, நம்ம பூனையப் பாத்தியா?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார். இல்லை ஆச்சி என்றேன். மூன்றாம் நாள் ராத்திரி பொதுச்சுவருக்கு மேலே, பரண் பக்கமிருந்து மெல்லிசாகச் சத்தம். குட்டிகள். அது குட்டி போட்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அப்பா எழுந்து ஒன்றும் பேசாமல் ஏணியை வைத்து ஓட்டைப் பிரித்து இறங்கினார். மூன்றில் ஒன்றுதான் பிழைத்தது. துணித் திரியைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்தது அப்பத்தாதான், குஞ்சு பறிகொடுத்த அதே அப்பத்தா.

அந்தக் குட்டி எங்கள் வீட்டில் வளர்ந்து ஆச்சி வீட்டில் தூங்கியது. ஆச்சி அதைத் தடவிக்கொண்டு, "அப்படியே எங்க பூனைச் சாயல்" என்பார். அப்பா அங்கே இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆச்சி வீட்டுப் பலகாரம் வருவது நிற்கவேயில்லை. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா கடைசிவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இடையில் ஒன்று நடந்தது. தாய்ப்பூனை போய்க் குட்டி வளரும்வரை ஐந்தாறு மாதம் எலி வைத்ததுதான் சட்டம். ஆச்சியின் நெல் அறையில் தொடங்கி எங்கள் அரிசி மூட்டைக்கு வந்தது. பிளேக் காலத்தில் பியூக்கானன் என்ற வெள்ளைக்கார மருத்துவர், பூனை நிறைய உள்ள ஊர்களில் பிளேக் குறைவாக இருக்கிறது என்று 1908-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். எங்களுக்கு ஒரு மூட்டை அரிசியோடு போயிற்று.

எதிர்வீட்டுக்காரர் அன்றைக்குப் பையோடு எழுந்தபோது ஒன்று சொன்னார்: "பேசாம ஒரு நாள் சாக்குல போட்டு வெள்ளாத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்திடலாம்ணே." அப்போதுதான் அவரை மறுபடி உட்காரச் சொல்லி இந்தக் கதையைச் சொன்னேன். அறுபத்து நாலு வருஷத்தில் வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு இரண்டு பேரையும் எங்கள் திண்ணையில் உட்காரவைத்தேன். சென்னையில் புளூ கிராஸ் சங்கம் நாய்களுக்குக் கருத்தடை செய்து விடும் வேலையை 1964-இலேயே தொடங்கியதாகச் சொல்கிறார்கள். பூனைக்கும் அதே வைத்தியம்தான். பெண்பூனைக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று, ஈற்றுக்கு நாலைந்து குட்டி. டீச்சர் வீட்டு நாலு அடுத்த தீபாவளிக்குக் குறைந்தது இருபதாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "என் பூனை இல்லையே" என்று டீச்சர் ஆரம்பித்தார். "சோறு போடுறது யாரும்மா?" என்று வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி கேட்டார். டீச்சர் சிரித்துவிட்டார். சாப்பாட்டைப் பொழுது சாயும் முன் போட்டு, இருட்டினதும் பூனைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவதாக ஒத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் கூண்டின் கோழிவலையை எடுத்துவிட்டுக் கட்டிக் கம்பிவலை போடுவதாகச் சொன்னார். மணல் குவியலுக்கு ஆளுக்கொரு யோசனை வந்தது. கருவேல முள் பரப்புவதே போதும்.

ஒரத்தநாட்டில் 2012-இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெண்பூனைகள் இரண்டையும் மூடின கூடையில் வைத்து அங்கே கொண்டுபோனோம். கார் எதிர்வீட்டுக்காரருடையது. முன்சீட்டில் நான், பின்சீட்டில் டீச்சர், அவர் மடியில் ஒரு கூடை. கந்தர்வகோட்டை வரை யாரும் பேசவில்லை. அப்புறம் டீச்சர், "தம்பி, ஏசியக் கொஞ்சம் குறைங்க, குளுருது போல" என்றார். அவர் குறைத்தார். இன்னொரு கூடை என் மடியில் இருந்தது. அதே சூடு.

இரண்டும் நல்லபடியாகத் திரும்பி வந்தன. பத்து நாள் உள்ளேயே வைத்திருந்து வெளியே விட்டார் டீச்சர். பெரியது மதில்மேல் ஏறி உட்கார்ந்து, டீச்சர் வைத்த தட்டை ஒரு தடவை பார்த்தது, மாடியில் புறாக் கூண்டை ஒரு தடவை பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் அன்று மத்தியானமே கீழ ராஜ வீதிக்குப் போய் இன்னொரு சுருள் கம்பிவலை வாங்கிவந்தார்.