கட்டி முடியாத கப்பலும் முந்திவந்த தீர்ப்பும்

ஒரு நூலை முற்ற இயற்றி, ஏட்டில் எழுதி, கற்றோர் அவையில் அரங்கேற்றி, அங்கே எழும் ஆக்ஷேபங்களுக்கு விடை கூறிய பிறகே அதனை உலகுக்கு அளிப்பது என்ற மரபில் வந்த நமக்கு, பாதி கட்டிய பொருளை விலைக்கு விற்று, வாங்கினவர்கள் கூறும் குறைகளைக் கேட்டுக்கொண்டே மீதியைக் கட்டுவது என்ற இக்கால வழக்கம் விசித்திரமாகவே தோன்றும். ஆனால் கணினி விளையாட்டுகளின் உலகில் அது சர்வ சாதாரணம். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் நடத்தும் ஸ்டீம் என்னும் இணைய அங்காடி 2013-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'எர்லி ஆக்ஸஸ்' என்ற பெயரால் இம்முறையைத் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதிக்குள், வாங்கினவர் எவரும் தம் அபிப்பிராயத்தை எழுதி, பிறருக்குச் சிபாரிசு செய்யலாம் அல்லது வேண்டாம் என்று தடுக்கலாம் என்ற ஏற்பாட்டையும் செய்தது. இவ்விரண்டு வழக்கங்களும் கலந்த இடத்தில் பிறக்கும் கேள்வி ஒன்றே இங்கு நம் விசாரணைக்குரியது: முடிவுறாத படைப்பைப் பற்றி முந்தி எழுதப்படும் மதிப்புரை நியாயமானதாக இருத்தல் கூடுமா? இதனை ஆராயப் பலர் ஒருங்கே ஆடும் கடற்போர் விளையாட்டை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இக்கேள்வியின் முடிச்சு மற்ற வகைகளைக் காட்டிலும் இதில் இறுகியிருப்பதே.

உக்ரைன் நாட்டைச் சேர்ந்த கேம்-லாப்ஸ் நிறுவனத்தின் 'நேவல் ஆக்ஷன்' என்ற விளையாட்டு 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் இம்முறைப்படி விற்பனைக்கு வந்து, 2019-ஆம் ஆண்டு ஜூனில்தான் பூர்த்தியானதாக அறிவிக்கப்பட்டது. பாய்மரப் போர்க்கப்பல்களின் காலத்துக் கரீபியன் கடலே அதன் களம். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது, பாய்களை எவ்வளவு திருப்பினால் கப்பல் விரைவாகத் திரும்பும், எதிரியின் பக்கப் பலகை எந்தக் கோணத்தில் நின்றால் குண்டு துளைக்கும், எந்தக் கோணத்தில் தெறித்து விழும், நீர் புகும் ஓட்டைகளை அடைப்பதற்குப் பீரங்கியடியிலிருந்து எத்தனை மாலுமிகளை அழைத்துக்கொள்ளலாம் என்பனவெல்லாம் ஆடுகிறவன் கைப்பழக்கத்தால் கற்றுத் தீர வேண்டியவை. துறைமுகம் விட்டுத் துறைமுகம் செல்லும் பயணமே சில வேளைகளில் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். இப்படிப்பட்ட ஒன்றை வாங்கினவன், ஸ்டீம் 2015-இல் வகுத்த விதிப்படி, இரண்டு வாரத்துக்குள்ளும் இரண்டு மணி நேர ஆட்டத்துக்குள்ளும் திருப்பிக் கொடுத்தால் பணத்தை மீட்டுக்கொள்ளலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் அவன் கண்டிருக்கக்கூடியது ஒரு துறைமுகமும், வெறுங்கடலும், இன்னும் பிடிபடாத சுக்கானுமே. அதை வைத்துக்கொண்டு அவன் எழுதும் நாலு வரி, ஆயிரம் மணி நேரம் ஆடியவன் எழுதும் நாலு பக்கத்தோடு ஒரே எடையாகக் கணக்கில் ஏறுகிறது.

விளையாட்டை இயற்றியவர்களின் பக்ஷத்தினர் இதனைச் சுட்டிக்காட்டி, உலையில் கொதிக்கும் அரிசியை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுச் சோறு வேகவில்லை என்று ஊரெல்லாம் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்பதுண்டு. கேட்பதற்கு இனிமையான வாதந்தான். எனினும் அது நிற்காது. உலையரிசியை யாரும் இலை போட்டு விலைக்குப் பரிமாறுவதில்லை. மேலும், முடியாத நிலையில் விற்கப்படும் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும், இன்றுள்ள நிலையில் இதை ஆட உமக்கு விருப்பமில்லையேல் பொறுத்திருந்து வாங்குக என்ற கருத்துப்பட அங்காடிக்காரரே எச்சரிக்கை எழுதி வைக்கின்றனர். இன்றைய நிலையைப் பார்த்து வாங்கு என்று சொல்லி விலை பெற்றுக்கொண்டவர், இன்றைய நிலையைப் பார்த்து ஏன் தீர்ப்புச் சொன்னாய் என்று கேட்பதற்கு உரிமையில்லை. கிரயம் வாங்கிய கையால் வாங்கினவன் வாயைப் பொத்த முடியாது.

அப்படியானால் முந்திய மதிப்புரைகள் யாவும் நியாயமானவை என்று சாதிக்க வருகிறேனோ எனில், அன்று. நம் தர்க்க நூலார் பிரத்தியக்ஷம் வேறு, அனுமானம் வேறு என்று பிரித்துக் காட்டிய பிரிவு இங்கே நன்கு பயன்படும். இன்று சர்வர் மூன்று முறை அறுந்தது, நான் ஏறிய கப்பல் திசை திரும்பவில்லை, ஒரு மாலை முழுதும் எதிரி ஒருவனையும் காணவில்லை என்று எழுதுகிறவன் கண்டதைச் சாட்சியாகச் சொல்கிறான். அவனுடைய பொறுமையை நாம் சந்தேகிக்கலாமே தவிர நேர்மையைச் சந்தேகிக்க இடமில்லை. இது ஒருநாளும் உருப்படாது, வாங்காதீர் என்று எழுதுகிறவனோ அனுமானம் செய்கிறான்; அனுமானத்துக்கு ஹேது வேண்டும். 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'அட்லஸ்' என்ற கடற்கொள்ளையர் விளையாட்டு, நாற்பதினாயிரம் பேர் ஒரே உலகில் கூடி ஆடலாம் என்ற வாக்குறுதியோடு வந்து, வந்த அன்றே சர்வர்களின் தடுமாற்றத்தால் வாங்கினவர்களின் ஏச்சுக்கு இலக்காயிற்று. பல ஆண்டுகள் சென்ற பின்னும் அது முடிவுறாத நிலையிலேயே நின்றதைப் பார்க்கும்போது, அன்று சலித்துக்கொண்டவர்களின் அனுமானமும் பொய்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்தின் ரேர் நிறுவனத்தார் முடிந்த படைப்பாகவே முழு விலைக்கு விற்ற 'ஸீ ஆஃப் தீவ்ஸ்' நேர்மாறான கதை. கடலின் அழகைப் புகழ்ந்த பத்திரிகை விமரிசகர்கள், அக்கடலில் செய்வதற்கு வேலை மிகக் குறைவு என்று உண்மையாகவே குறைகூறினர். ஓராண்டுக்குப் பின் நீண்ட கதைப் பயணங்கள் அதில் சேர்க்கப்பட்டன; 2020-ஆம் ஆண்டு ஜூனில் அது ஸ்டீம் அங்காடிக்கு வந்தபோது, முதல் நாள் வெறுமையை அறியாத புதியவர்கள் பலர் அதை மனமாரச் சிபாரிசு செய்தனர். இரு சாராரில் யாரும் பொய் சொல்லவில்லை. பெயர் ஒன்றாயிருந்ததே தவிரப் பொருள் ஒன்றாயில்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். 'நேவல் ஆக்ஷன்' விளையாட்டில் ஆடுவோர் ஏறிச் செலுத்தும் கப்பல்களுள் ஒன்றின் பெயர் 'ட்ரிங்கோமலி', நம் திருகோணமலைதான். 1782-ஆம் ஆண்டு அத்துறைமுகத்தருகே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத போரின் நினைவாகப் பெயரிடப்பட்டு, பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சிக் கப்பற்கலைஞர்களால் தேக்கு மரத்தில் கட்டப்பட்டு, 1817-ஆம் ஆண்டு அக்டோபரில் நீரில் இறக்கப்பட்ட ஃப்ரிகேட் அது. இங்கிலாந்து சென்று சேர்ந்ததும் சேமக் கப்பலாகக் கட்டிப்போடப்பட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் போர்ப்பணி காணாதிருந்து, பிறகு பீரங்கிகள் குறைக்கப்பட்டு, பின்புற அமைப்பு மாற்றப்பட்டு, 1847-இல்தான் கடற்படைச் சேவைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்றும் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்து நிற்கிறது. அக்கப்பலைப் பற்றி 1817-இல் பம்பாயில் ஒருவரும் 1847-இல் இங்கிலாந்தில் ஒருவரும் மதிப்புரை எழுதியிருந்தால், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 'ட்ரிங்கோமலி'யின் தகுதி இவ்வளவு என்று எந்தக் கடற்படை அதிகாரியும் குறித்துக்கொண்டிருக்க மாட்டார். எந்த ஆண்டின் கப்பல் என்றே முதலில் கேட்டிருப்பார்.

இனி, முடிச்சு இறுகியுள்ள இடம். நாவலோ நாடகமோ, படிப்பாரும் பார்ப்பாரும் குறைந்துபோனாலும் தன்னளவில் குறைவதில்லை. பலர் கூடி ஆடும் கடற்போரிலோ ஆடுகிறவர்களே படைப்பின் பாதி. 'நேவல் ஆக்ஷன்' துறைமுகப் போர்களில் ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து கப்பல்கள் வரை அணிவகுக்கலாம். அத்தனை பேர் ஒரே இரவில் ஒரே நேரத்தில் திரளவில்லையானால், எவ்வளவு நுட்பமாகப் பீரங்கிப் புகையை வரைந்திருந்தாலும் அங்கே போர் என்பது இல்லை. கடல் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று ஒருவர் உள்ளதை உள்ளபடி எழுதுகிறார். படித்தவர் வாங்காமல் விடுகிறார். கடல் மேலும் வெறிச்சோடுகிறது. அடுத்து எழுதுகிறவருக்கு முந்தியதைவிட வலுவான சாட்சியம் கிடைக்கிறது. இங்கே மதிப்புரை பொருளை அளக்கும் கோலாக மட்டும் நிற்காமல், பொருளையே குறைக்கும் உளியாகவும் ஆகிவிடுகிறது. இதனால் எழுதினவர் குற்றவாளி என்று நான் கருதவில்லை. ஆள் கூடாவிட்டால் ஆட முடியாத ஒன்றை ஆள் கூடுமுன் விற்கத் துணிந்தவரே அத்துணிவின் விளைவையும் ஏற்கக் கடவர். ஆயினும் இவ்வகைச் சாட்சியத்தின் ஆயுள் மிகக் குறுகியது என்பதை மறத்தலாகாது. ஐரோப்பியர் நிரம்பிய சர்வரில் அவர்களுடைய மாலைப்பொழுது திருவிழாப் போலிருக்கும்; நம் நாட்டு அதிகாலையில், அவர்கள் உறங்கும் வேளையில், அதே கடலில் ஒரு பாயும் தென்படாது. அவ்விரு வேளைகளில் ஆடிய இருவரும் ஒரே தேதியிட்டு நேர்மாறாக எழுதலாம், இருவருமே மெய் சொல்லலாம்.

நெடுங்காலம் ஆடிவிட்டுப் பின்னர் வேண்டாம் என்று எழுதுகிறவரைக் கண்டு நகைப்பது வழக்கமாயிருக்கிறது. ஆயிரம் மணி நேரம் பிடித்திருந்தது, இப்போது பிடிக்கவில்லையா என்பர். முடிந்த விளையாட்டாயின் நகைப்புக்கு இடமுண்டு. முடியாத விளையாட்டில், அவர் விரும்பி ஆடிய விதிகள் நடுவில் மாற்றப்பட்டிருக்கலாம். அவர் மாதக்கணக்கில் தேடிச் சேர்த்த கப்பல்களும் பொன்னும், 2019-இல் 'நேவல் ஆக்ஷன்' முழுமை அறிவிப்பின்போது நேர்ந்ததுபோல, சோதனைக் காலம் முடிந்ததென்று ஒரு நாளில் துடைத்தழிக்கப்பட்டிருக்கலாம். சோதனை என்பதை அறிந்தே நுழைந்தார் என்பது மெய். அறிந்து இழந்தாலும் இழப்பு இழப்புத்தான். அவருடைய மறுப்பு, மூன்றாண்டில் அவ்விளையாட்டு எத்தனை விளையாட்டாக உருமாறிற்று என்பதற்குக் கிடைக்கும் ஆவணங்களுள் மதிப்பு மிக்கது.

ஆகவே நியாயத்தை எழுதினவரிடம் தேடுவதைவிடக் கூட்டிக் கணக்கிடுகிறவரிடம் தேடுவதே பொருத்தம். ஸ்டீம் அங்காடி மதிப்புரைகளை நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, நாற்பதுக்கு மேல் எழுபதுக்குக் கீழ் விழுந்தவற்றைக் 'கலப்பு' என்ற ஒரே முத்திரைக்குள் அடைக்கிறது. 2016-இல் அண்மை முப்பது நாள் அபிப்பிராயங்களைத் தனியே காட்டவும், மறு ஆண்டு காலக்கிரமப்படி வரைபடம் இடவும் அது முற்பட்டது, இக்குறையை ஓரளவு உணர்ந்ததாலேயே. முடிவுறாத காலத்தில் எழுதப்பட்ட மதிப்புரையின் தலையில் அதைத் தெரிவிக்கும் குறிப்பும் உண்டு. ஆனால் மொத்தக் கணக்கில் அதுவும் ஓர் எண்ணாகக் கலந்துவிடுகிறது. என் துணிபு, படைப்பு முழுமையாயிற்று என்று இயற்றினவரே அறிவிக்கும் நாளில் பழைய மதிப்புரைகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, கணக்கிலிருந்து மட்டும் நீக்கிவிட வேண்டும் என்பது. இது விற்பவருக்குச் சலுகை என்று தோன்றலாம். 'நேவல் ஆக்ஷன்' வந்த 2016-ஆம் ஆண்டின் புதுமை மயக்கத்தில், நாளை வரும் என்று நம்பியவற்றுக்கெல்லாம் சேர்த்துப் பாராட்டி எழுதப்பட்ட மதிப்புரைகளும் அதே நாளில் கணக்கைவிட்டு நீங்கும் என்பதை நினைவிற் கொண்டால், இந்த விதியை முதலில் ஆக்ஷேபிக்கப்போகிறவர் விற்பவராகவே இருப்பார்.