ஈரத்தடுப்பு அடுக்கு

ஈரத்தடுப்பு அடுக்கு என்பது, நிலத்திலுள்ள ஈரம் சுவர் வழியாக மேலேறுவதைத் தடுப்பதற்காகச் சுவரின் அடிப்பகுதியில் கிடையாக அமைக்கப்படும் நீர்புகா அடுக்கு ஆகும். கட்டுமானத் தளங்களில் இது டி.பி.சி. என அழைக்கப்படுகிறது. வீடு கட்டும்போதே இதனை அமைப்பதற்கு ஆகும் செலவு குறைவு. கட்டி முடித்த சுவரில் பின்னர் சேர்ப்பது கடினமானதும் செலவு மிக்கதும் ஆகும்.

ஈரம் மேலேறும் முறை

செங்கல், சாந்து முதலியவற்றில் ஏராளமான நுண்துளைகள் உள்ளன. நிலத்தைத் தொடும் சுவரில் இத்துளைகளின் வழியே நீர் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. இது நுண்புழை ஏற்றம் எனப்படும். துளை சிறிதாகும்போது நீர் ஏறும் உயரம் கூடுகிறது. 0.01 மில்லிமீட்டர் ஆரம் கொண்ட கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரம் வரை ஏறும். சுவரில் நீர் தொடர்ந்து ஆவியாவதால், ஈரம் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் நின்றுவிடுகிறது.

நீர் ஆவியானாலும் அதில் கரைந்துள்ள குளோரைடு, நைத்திரேட்டு போன்ற உப்புகள் சுவரிலேயே தங்கிவிடுகின்றன. இவை படிகமாகும்போது விரிவதால் பூச்சு பொரிந்து உதிர்கிறது. சில உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சுவதால், நிலத்து ஈரம் நின்ற பின்னரும் சுவர் ஈரமாகவே தோன்றக்கூடும்.

பொருட்களும் அமைப்பும்

இங்கிலாந்தில் 19 ஆம் நூற்றாண்டில் சிலேட்டுக் கற்பலகைகளை இரண்டு வரிசைகளாக, ஒன்றின் இணைப்பு மற்றதன் இணைப்புக்கு நேரே வராதவாறு, சாந்தில் பதித்தனர். ஈயத்தகடு, நிலக்கீல் ஊட்டிய தாள், நெகிழித் தாள் ஆகியனவும் பயன்பட்டு வந்துள்ளன. இந்தியாவில், கொத்தனார்கள் பேஸ்மட்டம் என்று குறிப்பிடும் மட்டத்தில் 25 முதல் 40 மில்லிமீட்டர் தடிப்புள்ள செறிவான காங்கிரீட்டு இட்டு, அதன்மேல் நிலக்கீல் பூசுவது வழக்கம்.

இவ்வடுக்கு வெளித்தரை மட்டத்திலிருந்து குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். சுவரின் முழுத் தடிப்பிலும் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லவேண்டும். தரையின் கீழுள்ள நீர்புகாப் படலத்துடனும் இணைந்திருக்க வேண்டும்.

பயனிழத்தல்

அடுக்கு கெடாமல் இருந்தும் சுவரில் ஈரம் ஏறுவதுண்டு. அடுக்கைச் சுற்றிக்கொண்டு ஈரம் மேலே செல்ல வேறு வழி கிடைப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். சுவரோரம் மண் குவித்தல், முற்றத்தை உயர்த்துதல், வெளிப்பூச்சை அடுக்கைத் தாண்டி நிலம் வரை கொண்டுசெல்லுதல் ஆகியன இவ்வாறு வழி அமைத்துக் கொடுக்கின்றன.

பழைய தளத்தின் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போடுவதும் இத்தகையதே. சாலை மட்டம் உயர உயர, ஒருகாலத்தில் உயரமாக இருந்த வீட்டின் அடிப்பகுதி தாழ்ந்துவிடுகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தளம் இடவேண்டும் எனத் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் 2021 இல் அறிவுறுத்தினார்.

இத்தாலியின் வெனிசு நகரிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கு செங்கற் சுவர்களின் அடியில், நீரை எளிதில் உறிஞ்சாத இசுத்திரியக் கல் பதிக்கப்பட்டது. நிலம் தாழ்ந்து கடல்மட்டம் உயர்ந்ததால், பல கட்டிடங்களில் உப்புநீர் கல்லைத் தாண்டிச் செங்கல்லை அரிக்கிறது.

பழைய வீடுகளில் சீரமைப்பு

முதலில் ஈரத்தின் மூலத்தைக் கண்டறிய வேண்டும். குழாய்க் கசிவு, மழைநீர் ஊடுருவல், காற்றோட்டமின்மையால் சுவரில் நீர் படிதல் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரலாம். அடியிலிருந்து மேலேறும் ஈரம் பொதுவாகச் சுவரின் கீழ்ப்பகுதியில் அலை போன்ற கறைக்கோடாகத் தெரியும்.

அடுத்து, வெளித்தரையைத் தாழ்த்தி, மழைநீர் சுவரைவிட்டு விலகி ஓடுமாறு வடிகால் அமைக்கலாம். பல வேளைகளில் இதுவே போதுமானது. போதாதபோது, சாந்து இணைப்பில் வரிசையாகத் துளையிட்டு, நீரை விலக்கும் சிலேன் அல்லது சிலோக்சேன் கலவை செலுத்தப்படுகிறது. உப்பேறிய பழைய பூச்சையும் அகற்றவேண்டும்.

ஈரச்சுவரின்மேல் சீமெந்துப் பூச்சு அல்லது நீர்புகா வண்ணம் பூசுவது தீர்வாகாது. ஆவியாக வழியில்லாமல் ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும். சுண்ணாம்புச் சாந்தினால் கட்டிய பழைய சுவர்களுக்கு, நீராவியை வெளியேறவிடும் சுண்ணாம்புப் பூச்சே பொருத்தமானது.