கதியால் நின்ற இடம்

குத்தூசியை முதன்முதலில் வாங்கிப் பிடித்தபோது எனக்கு ஏழு வயது. வேலிக்கு உட்பக்கம் நான், வெளிப்பக்கம் வேலி அடைக்கிறவர். முழ நீளத்துக்குக் கூராகச் சீவி, முனையில் துளையிட்ட தடிதான் குத்தூசி. அவர் அதை ஓலைக்குள்ளால் குத்தி என் பக்கம் அனுப்புவார். துளையில் வரும் கயிற்றை உருவி, உட்பக்கக் குறுக்குத் தடியான வரிச்சைச் சுற்றி எடுத்து, அடுத்த குத்துக்கு வரும் ஊசியில் திரும்பக் கோத்துவிட வேண்டும். அவர் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். "தம்பி, கொஞ்சம் மேல. இறுக்கு, இன்னும் இறுக்கு." ஒருவர் மட்டும் நின்று ஓலை வேலி கட்ட முடியாது. யாழ்ப்பாணத்து வேலியைப் பற்றி எதைச் சொல்லத் தொடங்கினாலும் எனக்கு இதுதான் முதலில் வரும்.

பின்னாளில் நில அளவையாளனாகி முப்பது வருடம் அந்த வேலிகளின் ஓரமாகவே நடந்தேன். எங்கள் பகுதியில் 16 பரப்பு சேர்ந்தால் ஒரு ஏக்கர். இரண்டு பரப்பு, மூன்று பரப்பு வளவுகள்தான் அதிகம். பெண் பிள்ளைக்குச் சீதனம் எழுதும்போதெல்லாம் ஒரு வளவு இரண்டாகும், நடுவில் புது வேலி ஒன்று முளைக்கும். கிணறு ஒன்றாகவே இருக்கும். அதனால்தான் எங்கள் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் தவறாமல் எழுதப்பட்டிருக்கும்.

வேலிக்கு எலும்பு கதியால். மாரி மழை விழுந்து மண் நனைந்ததும் கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவைத் தடிகளை நட்டால் சில வாரத்தில் துளிர் விடும். ஒவ்வொன்றுக்கும் வேலியைத் தாண்டி ஒரு பயன் இருந்தது. பூவரசங்குழை தோட்டத்துக்குப் பசளை. முள்முருக்கின் குழை ஆட்டுக்கு, கொழுந்திலை எங்களுக்கு வறை, அதன் தடி கல்யாண வீட்டில் கன்னிக்கால். கதியாலில் வரிச்சுப் பிடித்து, மிதித்துத் தட்டையாக்கிய பனையோலையை அதில் வைத்துக் கட்டுவார்கள். இரண்டொரு வருடத்தில் ஓலை உக்கிப் போகும். உக்கின ஓலையைப் பிரித்து வயலுக்கோ புகையிலைத் தோட்டத்துக்கோ தாழ்ப்பார்கள். வேலியில் எதுவும் வீணாகியதை நான் கண்டதில்லை.

அந்த உக்கலில்தான் வழக்கும் முளைத்தது. பட்டுப்போன கதியாலுக்குப் பதில் புதியது நடும்போது நாலு விரல் அடுத்தவன் பக்கம் தள்ளி நடுவது. அடுத்த முறை இன்னும் நாலு விரல். 1871இன் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி தனக்கென்று பத்து வருடம் இடையூறின்றி ஆண்ட நிலத்துக்கு உரிமை கோரலாம் என்பது எழுத்து வாசிக்கத் தெரியாத கிழவிக்கும் தெரியும். அதனால் நாலு விரல் மண்ணுக்காக அப்புக்காத்துமாருக்கு வளவின் பாதியைக் கொடுத்தவர்கள் உண்டு. இதைச் சொல்லி எங்களைக் கேலி செய்கிறவர்கள் அந்த மண்ணின் கணக்கை அறியாதவர்கள். கல்லுக்கு மேல் ஒரு முழம் செம்மண், அதற்குள் நாலு பிள்ளைகளின் சீவியம்.

தள்ளிய வேலியை எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே பார்க்கக் கூடாது. ஆண்டாண்டாய்த் தறித்த கிளுவைக்குத் தலை முட்டிமுட்டியாய்த் திரண்டிருக்கும், புதுக் கதியால் மொழுமொழுவென்று நிற்கும். ஆனால் சாட்சி மண்ணுக்குள். ஒருமுறை இரண்டு சகோதரிகளின் வளவுக்கு நடுவில் அலவாங்கால் கிண்டினேன். வேலியிலிருந்து ஒரு சாண் உள்ளே வரிசையாகக் கறுத்த வட்டங்கள். பழைய கதியால்களின் அடி உக்கி, செம்மண்ணில் கரியாய்ப் பதிந்திருந்தது. மூத்தவர் அதைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போனார். அந்த வழக்கு கோட்டுக்குப் போகவில்லை.

எல்லை மரத்தின் சண்டை இதைவிடப் பழையது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழமைகளைத் தொகுத்து எழுதினார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்துச் சரியென்றார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அந்தத் தேசவழமையில் வேலியோர மரத்துக்கும் இடமுண்டு. பாடுபட்டு நட்டு வளர்த்த பழமரம் அடுத்த வளவுக்குள் சாய்ந்தாலும் பழம் நட்டவனுக்கே. புளி, இலுப்பை, வேம்பு போலத் தானாக முளைத்தவை அப்படியல்ல, அவற்றில் அடுத்த வளவுக்கு மேல் தொங்கும் கொப்பின் காய் அந்த வளவுக்காரனுக்கு. யார் தண்ணீர் ஊற்றினார் என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். இதைவிட நேர்மையான பிரிப்பை நான் படித்த எந்தச் சட்டத்திலும் காணவில்லை.

எல்லாவற்றையும் பெருமையாய்ச் சொல்ல மனம் வரவில்லை. எனக்கு ஊசி நீட்டிய அந்த மனிதருக்கு எங்கள் வீட்டில் தேநீர் சிரட்டையில்தான் கொடுத்தார்கள். வளவுக்கு மறைப்புக் கட்டித் தந்தவர் கிணற்றடிக்குப் போகக் கூடாது. ஆளுயரத்துக்கு மேல் ஓலை வைத்ததும் பெண்கள் ஒழுங்கைக்குத் தெரியக் கூடாதென்றுதான். ஆனால் பெண்கள் வேலியைத் தங்கள் வழிக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். நாய் புகுந்த பொட்டைக் கொஞ்சம் பெருப்பித்து, அதற்குள்ளால் உப்பும் கறியும் ஊர்ப்புதினமும் போய்வந்தன. அம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் வேலி வழக்கில் எதிரெதிர்ப் பக்கமாய் நின்ற வருடத்திலும் அந்தப் பொட்டு அடைபடவில்லை.

1990இல் போர் துரத்த வலிகாமம் வடக்கை விட்டு ஓடினோம். இராணுவத்தின் பிடியிலிருந்து நிலங்கள் கட்டம் கட்டமாக விடுபட்டபோது கால் நூற்றாண்டு கடந்திருந்தது. என்னைத் தேடி வந்தவர்கள் உறுதியும் கையுமாக நின்றார்கள். வீடில்லை, ஒழுங்கையில்லை, ஓலை ஒரு நறுக்கும் இல்லை. புதருக்குள் நுழைந்து முதலில் கிணற்றைத் தேடினோம். பிறகு வரிசையைத் தேடினோம். தறிக்க ஆளில்லாமல் கதியால்கள் மரமாகியிருந்தன. காட்டு மரம் நேர்கோட்டில் நிற்காது. ஐந்து பூவரசு ஒரே நேரில் நின்றால் அது யாரோ இருவர் சேர்ந்து வேலி அடைத்த இடம். அந்த நேரில் சங்கிலியைப் பிடித்து எத்தனையோ வளவுகளைப் பிரித்துக் கொடுத்தேன்.

இப்போது எல்லோரும் மதில் கட்டுகிறார்கள். ஓலை வெட்ட ஆளில்லை, அடைக்கத் தெரிந்தவரும் இல்லை. மதிலுக்கு வருடா வருடம் யாரும் தேவையில்லை. பழைய கதியால் மரங்களை அடியோடு தறித்துவிட்டுத்தான் அத்திவாரம் வெட்டுகிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வளவிலும் மதில்தான் கட்டினோம், மாமியின் மகளும் நானும் ஆளுக்குப் பாதிக் காசு. கிழக்கு எல்லையில் நின்ற இரண்டு பூவரசை மட்டும் தறிக்க விடமாட்டேன் என்று நின்றுவிட்டேன். மேசன் தலையைச் சொறிந்தார். மரத்துக்கு முன் மதிலை முடித்து, மரங்களுக்கு அப்பால் மறுபடி தொடங்கினார். நடுவில் ஒன்றரை முழ இடைவெளி. அன்று பின்னேரமே அவர்கள் வீட்டு நாய் அதற்குள்ளால் வந்து எங்கள் குசினி வாசலில் படுத்தது. நாயைத் தேடி, கையில் ஒடியற்கூழ்ச் சட்டியோடு, அவளும் வந்தாள்.